ஃபைசேரம் தட்டில் பூசணம் முந்திக்கொள்கிறது, மஞ்சள் மூடியில் ஏறுகிறது: என்ன செய்யலாம்?

மஞ்சள்வலை (கேள்வி)

வணக்கம். வடிதாளில் காயவைத்த ஃபைசேரம் பாலிசெஃபாலம் என்ற மஞ்சள் ஸ்லைம் மோல்டு கொஞ்சம் ஆய்வகத்துக்கு வந்தது, அதை வளர்க்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்த்துப் பழக்கம் உண்டு, ஸ்லைம் மோல்டு இதுதான் முதல் தடவை. தாளைச் சின்னதாக நறுக்கி அகார் மேல் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். மறுநாளே மஞ்சளாகக் கசிந்து வெளியே வந்து பரவத் தொடங்கிவிட்டது, அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

அப்புறம்தான் தொல்லை. ஓட்ஸ் போட்ட இடத்திலெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். சத்து கூடட்டும் என்று உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரிலும் ஒரு தொகுதி போட்டுப் பார்த்தேன், அங்கே நிலைமை இன்னும் மோசம், மஞ்சள் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. ஒரு தட்டில் அகாரையே விட்டுவிட்டு மூடியின் உள்பக்கம் ஏறிக்கொண்டது. இன்னொன்றில் ஆரஞ்சு நிறத்தில் பொருக்காக இறுகிவிட்டது, செத்துவிட்டதா என்றே தெரியவில்லை.

எந்த ஊடகம் சரி, பூசணத்தை எப்படித் தடுப்பது? இதை ஒரே செல் என்கிறார்கள். தட்டு முழுக்கப் பரவிக் கிடப்பதை ஒரே செல் என்று எப்படி நம்புவது, மைக்ரோஸ்கோப்பில் எதைப் பார்த்தால் அது புரியும்? வித்துப்பைகளும் பார்க்க ஆசை, ஆனால் இருட்டு இன்குபேட்டரில் எவ்வளவு நாள் வைத்தாலும் வருவதாகக் காணோம்.

---

ஈரப்பட்டை

முதலில் அந்த ஆரஞ்சுப் பொருக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது சாகவில்லை. ஈரம் மெல்ல மெல்லக் குறைந்தாலோ பட்டினி கிடந்தாலோ பிளாஸ்மோடியம் (தட்டில் பரவும் இந்த மஞ்சள் உடம்புக்குத்தான் இந்தப் பெயர், மலேரியாக் கிருமி இல்லை) தன்னைச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தடித்த சுவர் கட்டி, உறக்கத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் சில உட்கருக்கள் இருக்கும். இதற்குப் பெயர் ஸ்கிளிரோஷியம். உங்களுக்கு வடிதாளில் வந்ததும் இதேதான். உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆக உங்கள் தட்டு தானாகவே உங்களுக்கு ஒரு சேமிப்புப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். நீங்கள் பூஞ்சை வளர்த்த பழக்கத்தில் இதையும் வளர்க்கிறீர்கள், எல்லாத் தொல்லையும் அங்கிருந்துதான் வருகிறது. பூஞ்சை நின்ற இடத்தில் நொதியை வெளியே விட்டுச் சத்தைக் கரைத்து உறிஞ்சும். அதனால் ஊடகம் முழுக்கச் சத்து கலந்து வைக்கிறோம். ஸ்லைம் மோல்டு அப்படி வாழ்வதில்லை. அது அமீபாக்களின் உறவு, நகர்ந்து போய் பாக்டீரியாவையும் பூஞ்சை வித்துகளையும் உணவுத் துகள்களையும் அப்படியே விழுங்கிச் செரிக்கிறது. 1859இலேயே ஆன்டன் டி பேரி இதைப் பூஞ்சையிலிருந்து பிரித்துத் தனியாக வைக்கப் பார்த்தார். இருந்தும் நெடுங்காலம் பூஞ்சைப் பாடத்தோடு சேர்த்தே நடத்தினார்கள், இன்றைக்கும் பல இடங்களில் அப்படித்தான். டெக்ஸ்ட்ரோஸ் அகார் கொடுத்தால் நீங்கள் விருந்து வைப்பது பூசணத்துக்கு, ஃபைசேரத்துக்கு இல்லை.

வெறும் தண்ணீர் அகார் போதும். ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம், சர்க்கரையோ பெப்டோன் போன்ற புரதச் சத்தோ எதுவும் வேண்டாம். 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து, தட்டில் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுங்கள், மெல்லிசாக ஊற்றிய அகார் சீக்கிரம் காய்ந்து அந்த ஆரஞ்சுப் பொருக்கில் கொண்டுபோய் விடும். உணவு அகாருக்குள் இல்லாமல் ஓட்ஸ் இதழில் மட்டும் இருக்கவேண்டும், அதுவும் மிகக் குறைவாக. பெரிய தட்டுக்கு ஐந்தாறு இதழ் போதும், முன்னேறும் விளிம்புக்குப் பக்கத்தில் வையுங்கள். மஞ்சள் ஏறி மூடிவிட்ட ஓட்ஸில் பூசணம் பெரும்பாலும் தலையெடுக்காது. யாரும் தொடாமல் ஈரத்தில் ஊறிக் கிடக்கும் ஓட்ஸில்தான் வரும். எனவே அது உடனே ஏறி மூடக்கூடிய அளவுக்கு மட்டும் வையுங்கள், தீர்ந்த பிறகு அடுத்தது. ஓட்ஸை ஆட்டோகிளேவில் போட்டால் சிலசமயம் கூழாகிவிடும், உலர்சூட்டில் வைத்து எடுப்பவர்களும் உண்டு. வெப்பம் 22 முதல் 25 டிகிரிக்குள், இருட்டு, காற்றில் ஈரப்பதம். காற்றே புகாமல் டேப் சுற்றி அடைக்காதீர்கள், அதற்கு ஆக்சிஜன் வேண்டும்.

ஏற்கெனவே பூசணம் பிடித்த தட்டைக் காப்பாற்றும் வழி ஒன்று இருக்கிறது, எனக்கு இந்த உயிரியிடம் பிடித்ததே அதுதான். அது பூசணத்தை விட வேகமாக ஓடும். நல்ல நிலையில் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் போல நகரும், எந்தப் பூசண இழையும் அந்த வேகத்துக்கு வராது. விசிறி போல விரிந்து முன்னேறும் பகுதியின் முன்விளிம்பில், ஓட்ஸிலிருந்து தள்ளி, சுத்தமாகத் தெரிகிற இடத்தில், சுட்டு ஆறிய ஸ்கால்பலால் அகாரோடு சேர்த்து ஒரு சின்னக் கட்டம் வெட்டி எடுங்கள். உணவே இல்லாத புதிய தண்ணீர் அகார் தட்டின் ஒரு ஓரத்தில், மஞ்சள் பக்கம் கீழே படும்படி கவிழ்த்து வையுங்கள். எதிர் ஓரம்வரை ஓடட்டும். ஒட்டி வந்த வித்துகளில் பெரும்பகுதியை வழியிலேயே விட்டுவிட்டுப் போகும், வெறும் அகாரில் பூசணமும் மெதுவாகத்தான் எழும். எதிர் ஓரத்தை எட்டியதும் மறுபடி முன்விளிம்பை வெட்டி இன்னொரு வெறும் தட்டு. இப்படி இரண்டு மூன்று முறை ஓடவிட்டால் பெரும்பாலும் சுத்தமாகிவிடும். எப்போதும் முன்விளிம்பையே எடுங்கள், பின்னால் கிடக்கும் பழைய நாளங்களை (வலைபோன்ற மஞ்சள் குழாய்களை) தொடவே வேண்டாம்.

மூடியில் ஏறுவது பசியின் அடையாளம், தட்டில் கழிவு சேர்ந்துவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஏறுவதற்கு முன்பே அடுத்த தட்டுக்கு மாற்றிவிடுங்கள். வாரம் ஒரு முறையாவது மாற்றினால் நல்லது.

---

நாற்பதுஎக்ஸ்

வளர்ப்பை ஈரப்பட்டை சொல்லிவிட்டார், நான் ஒரே செல் விவகாரத்துக்கு வருகிறேன்.

ஒரே செல் என்றால் ஒரே சவ்வுக்குள் எல்லாம் இருக்கிறது என்று பொருள். உள்ளே குறுக்குச் சுவர் எதுவும் கிடையாது. உட்கரு மட்டும் லட்சக்கணக்கில், பெரிய தட்டென்றால் கோடிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். வளரும்போது உட்கரு பிரிகிறது, செல் பிரிவதில்லை, அவ்வளவுதான் ரகசியம். இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஏறத்தாழ பத்து மணி நேரத்துக்கு ஒரு முறை அந்த உட்கருக்கள் எல்லாமே சில நிமிட இடைவெளிக்குள் ஒன்றாகப் பிரிகின்றன. ஒரே சைட்டோபிளாசத்தில் கலந்து ஓடுவதால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரக்கணக்கு. பிரியப்போகும் நிலையில் உள்ள ஒரு பிளாஸ்மோடியத்தையும் இப்போதுதான் பிரிந்து முடித்த ஒன்றையும் இணையவிட்டால், இரண்டுக்கும் நடுவான ஒரு நேரத்தில் சேர்ந்து பிரியும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மெக்கார்டில் புற்றுநோய் ஆய்வகத்தில் ஹெரால்ட் ரஷ் குழுவினர் 1960களில் இதை நிறையச் செய்தார்கள். புற்றுநோய் ஆய்வகத்துக்கு இந்த மஞ்சள் கூழில் என்ன வேலை என்று கேட்டால் பதில் இதுதான்: கோடி உட்கருக்கள் ஒரே நேரத்தில் பிரியும் ஒரு உயிரி கிடைத்தால், செல் சுழற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வேதிமாற்றம் நடக்கிறது என்று கிலோக்கணக்கில் செல்களைப் பிரித்தெடுக்காமலேயே அளந்துவிடலாம்.

உங்கள் லேபில் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ரோஸ்கோப் (சாயம் ஏற்றாமலே உள்ளுறுப்புகளைக் காட்டுவது) இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விளிம்பிலிருந்து குண்டூசித் தலையளவு எடுத்து, ஸ்லைடில் மெல்லிசாகத் தேய்த்து, எத்தனாலும் கிளிசராலும் கலந்த கரைசலில் முக்கிப் பதப்படுத்தி, கவர்ஸ்லிப் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு உட்கருவுக்கும் நடுவில் கறுத்த நியூக்ளியோலஸ் ஒன்று பளிச்சென்று தெரியும். பிரிவு நெருங்கும்போது அது நடுவிலிருந்து விலகும், பிறகு கரைந்து காணாமல் போகும், பிரிந்து முடித்த உட்கருக்களில் மறுபடி கூடி வரும். இப்படித் தேய்த்த ஒரே ஸ்மியரில் எல்லா உட்கருவும் ஒரே கட்டத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு ஒரே செல்லா என்ற கேள்வி எழாது.

ஓட்டத்தைப் பார்க்க ஸ்டெயினும் வேண்டாம், ஃபேஸும் வேண்டாம். கவர்ஸ்லிப்பில் மெல்லிய அகார் படலம் ஊற்றி, அதன் மேல் ஒரு சின்னத் துண்டு வைத்துச் சில மணி நேரம் பரவவிட்டு 10எக்ஸில் பாருங்கள். மேலே அழுத்தாதீர்கள், அழுத்தினால் ஓட்டம் நின்றுவிடும். ஒவ்வொரு நாளமும் ஒரு குழாய். ஓரத்தில் ஜெல் பதத்தில் அசையாமல் நிற்கும் எக்டோபிளாசம், அதுதான் குழாயின் சுவர். நடுவில் துகள்களோடு பாயும் எண்டோபிளாசம். அது ஒரு பக்கமாக ஓடி, மெல்லக் குறைந்து, ஒரு கணம் நின்று, எதிர்ப்பக்கம் திரும்பும். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை இப்படி மாறிக்கொண்டே இருக்கும். வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும், செல்லுக்குள் நடக்கிற ஓட்டத்துக்கு இது அசாத்திய வேகம். முன்னால் போகும் நேரம் பின்னால் வரும் நேரத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் பக்கம்தான் அது நகரும் திசை.

பாயவைப்பது குழாய்ச் சுவரில் இருக்கும் ஆக்டின், மயோசின் இழைகள். நம் தசையில் இருக்கும் அதே ஜோடி. சுவர் சுருங்கினால் உள்ளே அழுத்தம் கூடும், திரவம் அழுத்தம் குறைந்த பக்கம் ஓடும். நொபுரோ காமியா 1940களிலேயே இரண்டு அறைகளில் ஒரே பிளாஸ்மோடியத்தைப் பாதிப்பாதியாக வைத்து, ஒரு பக்கம் காற்றழுத்தத்தைக் கூட்டி ஓட்டத்தை நிறுத்தி, அந்த அழுத்தத்தையே அளவாக எடுத்துக்கொண்டார். மிக எளிய கருவி, ஆனால் இன்றுவரை அந்த யோசனைக்கு மரியாதை உண்டு. 1952இல் ஏரியல் லோவி இதிலிருந்து தசைப்புரதம் போன்ற ஒன்றைப் பிரித்தெடுத்தார், தசையே இல்லாத உயிரியில் அப்படி ஒன்று இருப்பது அப்போது பெரிய செய்தி.

ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நாளத்தை ஊசியால் அறுத்துப் பாருங்கள். கொஞ்சம் கசியும், உடனே கசிந்த இடத்தில் புதுச் சவ்வு மூடிக்கொள்ளும். சிறிது நேரத்தில் இரண்டும் தனித்தனியாகத் துடிக்கத் தொடங்கும். மறுபடி பக்கத்தில் தள்ளினால் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும். வேறு மரபுவகைப் பிளாஸ்மோடியம் என்றால் ஒட்டாது, சில ஜோடிகளில் ஒட்டிய பிறகு ஒன்று மற்றதைக் கொல்வதும் உண்டு. அதனால் வெவ்வேறு வகைகளை ஒரே தட்டில் கலக்காதீர்கள்.

---

மஞ்சள்வலை

இரண்டு பேருக்கும் நன்றி. முன்விளிம்பை வெட்டி வெறும் அகாரில் ஓடவிட்டேன், எதிர் ஓரத்துக்குப் போன பகுதி நிஜமாகவே சுத்தமாக இருக்கிறது, தொடங்கிய ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை இழை. போன வழியெல்லாம் கண்ணாடி போல ஒரு தடம் விட்டுப்போகிறதே, அது என்ன? அப்புறம் கவர்ஸ்லிப் வைத்து ஓட்டம் பார்த்தேன். திரும்பும் நேரத்தில் துகள்கள் நின்று ஒரு நடுக்கம் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போவதைப் பார்த்த பிறகு வேறு வேலை ஓடவில்லை.

---

தடம்பார்ப்பவன்

அந்தத் தடம் அதன் சளியுறை. பாலிசாக்கரைடுதான் பெரும்பகுதி. உடம்பு காய்ந்து போகாமல் காப்பதோடு வேறொரு பயனும் உண்டு. 2012இல் கிறிஸ் ரீட் குழுவினர் ஒரு யு வடிவத் தடுப்புக்குப் பின்னால் உணவை வைத்துச் சோதித்தார்கள். வெறும் அகாரில் பெரும்பாலானவை சுற்றி வெளியே வந்து உணவை அடைந்தன. அகார் முழுக்க முன்கூட்டியே சளி பூசி வைத்தபோது பலவும் உள்ளேயே சுற்றிச்சுற்றி நேரத்தை வீணடித்தன. ஏற்கெனவே போன இடத்தைத் தன் சளியை வைத்து அடையாளம் கண்டு தவிர்க்கிறது என்பது முடிவு. நினைவு உடம்புக்குள் இல்லை, தரையில் இருக்கிறது. உங்களுக்கு இதில் வளர்ப்புக்கான பாடமும் உண்டு: முழுக்கச் சளி படிந்த பழைய தட்டில் புது ஓட்ஸ் போட்டுப் புத்துயிர் கொடுக்கப் பார்ப்பதை விடப் புதிய தட்டுக்கு மாற்றுவது லாபம்.

---

சும்மாகேட்கிறேன்

மூளை இல்லாமலே புதிர்ப்பாதை கண்டுபிடிக்கிறது, டோக்கியோ ரயில் பாதை போடுகிறது என்றெல்லாம் வீடியோ சுற்றுகிறதே, அது நிஜமா இல்லை லைக் வாங்கும் வேலையா?

---

தடம்பார்ப்பவன்

சோதனைகள் நிஜம். வீடியோக்காரர்கள் சொல்லும் விளக்கம்தான் கொஞ்சம் ஊதப்பட்டது.

2000இல் தோஷியுகி நாககாகி குழுவினர் நேச்சர் இதழில் போட்டது: புதிர்ப்பாதை முழுக்கப் பிளாஸ்மோடியத்தைப் பரப்பி, இரண்டு முனையில் மட்டும் உணவு வைத்தார்கள். முட்டுச்சந்துகளில் இருந்த பகுதிகள் பின்வாங்கி, இரண்டு உணவையும் இணைக்கும் மிகக் குட்டையான வழியில் ஒரு தடித்த குழாய் மட்டும் மிஞ்சியது. அது நுழைவாயிலில் நின்று யோசித்து வழி கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லா வழியிலும் ஏற்கெனவே இருந்தது, வேண்டாததைக் கைவிட்டது. 2010இல் சயன்ஸ் இதழில் வந்த டோக்கியோ சோதனையும் அப்படியே. டோக்கியோவைச் சுற்றியுள்ள நகரங்கள் இருக்கும் இடங்களில் ஓட்ஸ், மொத்தம் 36 இடங்கள். கடலும் மலையும் இருக்கும் இடங்களில் வெளிச்சம், ஏனென்றால் அதற்கு வெளிச்சம் பிடிக்காது. கடைசியில் மிஞ்சிய வலை, செலவிலும் ஒரு இணைப்பு அறுந்தால் தாங்கும் தன்மையிலும் நிஜ ரயில் வலையோடு ஒப்பிடும் தரத்தில் இருந்தது. இந்த இரண்டுக்கும் இக்நோபலும் (முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு) கிடைத்தது, 2008இலும் 2010இலும்.

எப்படி என்பது நாற்பதுஎக்ஸ் சொன்ன குழாய் அமைப்பிலேயே இருக்கிறது. அதிகம் திரவம் பாயும் குழாய் தடிக்கிறது, குறைவாகப் பாய்வது மெலிந்து சுருங்கி மறைகிறது. குட்டையான வழியில் தடை குறைவு, பாய்ச்சல் கூடுதல், ஆகவே அது தடித்து மற்றதன் பங்கையும் இழுத்துக்கொள்கிறது. இந்த ஒரே விதியைக் கணக்காக எழுதினாலே புதிர்ப்பாதைக்கு விடை வந்துவிடுகிறது. இதை அறிவு என்று அழைப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் ஆட்ரி டியூசூட்டூர் குழுவினர் 2016இல் காட்டியதை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. உணவுக்குப் போகும் பாலத்தில் குயினைனோ கேஃபீனோ கலந்து வைத்தால் முதலில் தயங்கித் தயங்கிக் கடக்கும், தினமும் அதே பொருள் என்றால் சில நாளில் தயங்காமல் கடக்கும், வேறு கசப்பு வைத்தால் மறுபடி தயங்கும். அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு மட்டும் பழகுகிறது. நரம்பே இல்லாத உயிரியில் இது கொஞ்சம் யோசிக்கவைக்கிறது.

---

அமீபாக்காரன்

எல்லாரும் ஃபைசேரத்தையே பேசுகிறீர்கள். மஞ்சள்வலை, உங்களுக்குப் பாக்டீரியா வளர்க்கத் தெரியும் என்றால் டிக்டியோஸ்டீலியம் என்ற இன்னொரு ஸ்லைம் மோல்டு இன்னும் எளிது, அதையும் ஒரு முறை வளர்த்துப் பாருங்கள். ஸ்லைம் மோல்டு என்ற பெயர் மட்டும்தான் பொது, கட்டமைப்பு நேர் எதிர். ஃபைசேரம் ஒரே பெரிய செல். டிக்டியோஸ்டீலியம் சாதாரண நாளில் தனித்தனி அமீபாக்களாகத் திரியும், பசி வந்தால் கூடும், கூடினாலும் அவற்றின் சவ்வுகள் ஒன்றாகக் கலப்பதில்லை.

அதில் ஆய்வகங்களில் வளர்க்கும் இனமான டி. டிஸ்காய்டியத்தை கென்னத் ரேப்பர் 1930களில் வட கரோலினா காட்டின் உதிர்ந்த இலைக்குவியலில் கண்டெடுத்தார். வளர்க்க க்ளெப்சியெல்லா அல்லது ஈ. கோலி பாக்டீரியாவை அகாரில் விரித்து, அதோடு அமீபாக்களையோ வித்துகளையோ கலந்து தெளித்து 22 டிகிரியில் வைத்தால் போதும். 25க்கு மேல் போகவிடாதீர்கள். சில நாளில் பாக்டீரியாப் படலத்தில் வட்டவட்டமாக வெறுமையான இடங்கள் தெரியும். அந்த வட்டத்துக்குள்ளேயே முழுக் கதையும் வரிசையாக நடக்கும்: வெளிவிளிம்பில் தின்னும் அமீபாக்கள், கொஞ்சம் உள்ளே கூடுபவை, நடுவில் காம்பும் தலையுமாக நிற்பவை. பாக்டீரியா இல்லாமல் திரவத்தில் வளர ஏஎக்ஸ்2, ஏஎக்ஸ்4 போன்ற வகைகள் இருக்கின்றன. அவற்றுக்கு எச்எல்5 ஊடகம். அதில் வளர்ச்சி மெதுவாக இருக்கும், பாக்டீரியா தின்றால் மூன்று நான்கு மணிக்கொரு முறை இரட்டிப்பாவது திரவத்தில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு நேரம் எடுக்கும்.

கூடுவதைப் பார்க்க: செல்களைக் கழுவி உணவை அகற்றி, வெறும் பஃபர் அகாரில் விடுங்கள். ஐந்தாறு மணி நேரத்தில் சைக்ளிக் ஏஎம்பி (செல்கள் சைகையாக விடும் ஒரு சிறு மூலக்கூறு) அலைகள் கிளம்பும். ஒரு செல் வெளியிடும், பக்கத்துச் செல் உணர்ந்து தானும் வெளியிட்டு, வந்த திசை நோக்கி ஓரடி நகரும். அலை ஏறத்தாழ ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை. டார்க் ஃபீல்டில் (கறுத்த பின்னணியில் பக்கவாட்டு வெளிச்சம்) பார்த்தால் தட்டு முழுக்க வட்டமும் சுருளுமாக அலை ஓடுவது வெறும் கண்ணுக்கே தெரியும். அந்த ஈர்ப்புப் பொருள் சைக்ளிக் ஏஎம்பிதான் என்று 1967இல் அடையாளம் கண்டார்கள். பிறகு ஒரு லட்சம் வரையான செல்கள் சேர்ந்து மேடாகி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீள ஸ்லக் (நத்தைபோல ஊரும் செல்கூட்டம்) ஆகி, வெளிச்சத்தையும் வெப்பத்தையும் நோக்கி ஊர்ந்து, காம்பு எழுப்பி நுனியில் வித்துகளை வைக்கும். மொத்தம் ஏறத்தாழ 24 மணி நேரம். ஐந்தில் ஒரு பங்கு செல்கள் காம்பாகிச் செத்துப்போகின்றன, மீதி வித்தாகித் தப்பிக்கின்றன. யார் காம்பாவது, யார் வித்தாவது என்பதில் ஏமாற்றும் வகைகளும் உண்டு, அந்தச் சண்டையை ஆராய்ந்தே பலர் வாழ்நாளைக் கழித்திருக்கிறார்கள்.

---

மஞ்சள்வலை

குறித்துக்கொண்டேன், ஆனால் முதலில் கையில் இருப்பதை ஒழுங்காக முடிக்கிறேன். வித்துப்பை கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

---

ஈரப்பட்டை

உங்கள் இன்குபேட்டர் இருட்டாக இருப்பதுதான் காரணம். ஃபைசேரம் பாலிசெஃபாலத்துக்குப் பட்டினியும் வேண்டும், பிறகு வெளிச்சமும் வேண்டும். மஞ்சள் நிறப் பிளாஸ்மோடியங்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான், நிறமில்லாத சிலவற்றுக்கு வெளிச்சம் தேவைப்படாது.

நன்றாகக் கொழுத்து வளர்ந்த ஒன்றை ஓட்ஸ் எதுவும் ஒட்டியிராத புதிய தண்ணீர் அகாருக்கு மாற்றி, இருட்டில் நான்கைந்து நாள் பட்டினி போடுங்கள். காயவிடக் கூடாது, காய்ந்தால் மறுபடி ஸ்கிளிரோஷியம்தான். அதற்குப் பின் சில மணி நேரம் வெள்ளை வெளிச்சம். வெயில் வேண்டாம், சூடேறும். குழாய் விளக்கு போதும். திரவ ஊடகத்தில் வளர்த்ததற்கு இந்தக் கட்டத்தில் நியாசின் என்ற வைட்டமினும் சேர்ப்பார்கள். வெளிச்சத்துக்குப் பிறகு மறுபடி இருட்டில் வைத்தாலும் பரவாயில்லை, ஒரு கட்டம் தாண்டிவிட்டால் உணவு கொடுத்தாலும் திரும்பாது. முதலில் நாளங்கள் மணிமணியாக முடிச்சுவிடும். ஒவ்வொரு முடிச்சும் தூணாக எழும், தூணின் நுனி மடிப்பு மடிப்பாகப் பிரிந்து தலையாகும், நிறம் மஞ்சளிலிருந்து கறுப்புக்கு மாறும். பெரும்பாலும் ஒரே இரவில் நடந்துவிடும், எனவே நேரம்விட்டுப் படம் எடுக்கும் கேமரா இருந்தால் வைத்துவிடுங்கள்.

தலைக்குள் சைட்டோபிளாசம் இத்தனை காலம் இல்லாத வழக்கமாக உட்கருவுக்கு ஒன்று என்று துண்டுபட்டு வித்துகளாகும். குன்றல் பிரிவு வித்துக்குள்ளேயே நடக்கும், நான்கில் ஒரு உட்கருதான் பெரும்பாலும் மிஞ்சும். முதிர்ந்த தலையை உடைத்து லென்ஸில் பார்த்தால் வெளியே மெல்லிய மேலுறை, உள்ளே கேப்பிலிஷியம் என்கிற நூல்வலை, அந்த நூல்களின் முடிச்சுகளில் சுண்ணாம்புத் துகள்கள், இடையில் கறுத்த வித்துகள். ஒவ்வொரு வித்தும் 10 மைக்ரான் அளவு. வகைபிரிப்பவர்கள் உயிருள்ள பிளாஸ்மோடியத்தை விட இந்தக் காய்ந்த தலையைத்தான் பார்ப்பார்கள், சுண்ணாம்பு எங்கே படிந்திருக்கிறது, நூல் எப்படிக் கிளைக்கிறது, வித்தின் மேல் முள்ளா வலையா என்று. உடைக்கும்போது மற்ற தட்டுகளைத் திறந்து வைக்காதீர்கள், வித்து காற்றில் போகும்.

வித்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்றால் தண்ணீரில் ஊறவைத்து ஈ. கோலி விரித்த அகாரில் விடுங்கள். அமீபா வெளியே வரும், தண்ணீர் நிறைய இருந்தால் இரண்டு கசையிழை முளைத்து நீந்தும், காய்ந்தால் சுருண்டு சுவர் கட்டி உறங்கும் சிஸ்ட் ஆகும். மூன்று வேஷமும் ஒரே செல்தான். ஆனால் ஒற்றை வித்திலிருந்து வந்த அமீபாக்களை மட்டும் வைத்துக்கொண்டு பிளாஸ்மோடியம் எப்போது வரும் என்று காத்திருந்தால் சாதாரண வகைகளில் வராது. வேறு இணைவகை அமீபாவோடு சேர்ந்தால்தான் வரும். கொலோனியா என்ற ஆய்வக வகை மட்டும் இணையாமலேயே பிளாஸ்மோடியம் ஆகும். உங்களுடையது எது என்று தந்தவர்களிடம் கேட்டுவிட்டு அதற்குப் பிறகு திட்டம் போடுங்கள்.

---

நாற்பதுஎக்ஸ்

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நீண்ட காலம் தொடர்ந்து தட்டு மாற்றி மாற்றி வளர்க்கும் பிளாஸ்மோடியம் சோர்ந்துபோகும், விளிம்பு பிசிறும், ஓட்டம் மந்தமாகும். அதை ஸ்கிளிரோஷியமாகக் காயவைத்து எழுப்பினால் மறுபடி துடிப்பாகிவிடுவது உண்டு. அதனால் நன்றாக இருக்கும்போதே சில வடிதாள்களை ஈரமாக்கி அதன் மேல் பரவவிட்டு, இருட்டில், மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து, மெதுவாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டு விசிறிக் காற்றில் காயவைத்தால் உருண்டை கட்ட நேரமில்லாமல் செத்துவிடும். காய்ந்ததைத் தாள் உறையில் போட்டு வகையும் தேதியும் எழுதிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

---

மஞ்சள்வலை

ஒரு தட்டை இன்று பட்டினிக்கு மாற்றிவிட்டேன், இன்னொன்றை வடிதாளில் ஏற்றியிருக்கிறேன். வகை பற்றித் தந்தவர்களுக்கு எழுதியிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். காட்டில் மரப்பட்டையில் கிடைப்பதையும் இப்படியே தட்டில் வளர்த்துவிட முடியுமா?

---

ஈரப்பட்டை

பார்க்க முடியும், வளர்ப்பது வேறு விஷயம். காய்ந்த பட்டைத் துண்டுகளை வடிதாள் விரித்த பெட்ரி தட்டில் நெருக்கமாக அடுக்கி, காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு அப்படியே மூடி வையுங்கள். கில்பர்ட்டும் மார்ட்டினும் 1933இல் உயிர்மரப் பட்டையில் செய்து காட்டிய முறை, இன்றும் எல்லாரும் அதையேதான் செய்கிறார்கள். ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் அடிக்கடி பாருங்கள், சில வகைகள் சில நாளில் வந்து மறைந்துவிடும், சிலதுக்கு மாதக்கணக்கில் ஆகும். சிலவற்றின் வித்துப்பை ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது, பக்கவாட்டில் விளக்கு வைத்தால்தான் கண்ணில் படும். இப்படி வருவதில் பெரும்பாலானவற்றை அகாரில் வித்திலிருந்து வித்துவரை கொண்டுபோக இன்றுவரை யாருக்கும் முடியவில்லை. ஃபைசேரம் எல்லா ஆய்வகத்திலும் இருப்பதற்கு அது ஓட்ஸுக்கும் அகாருக்கும் ஒத்துக்கொண்டதுதான் பெரிய காரணம்.